சீனாவில் முடிந்த படிப்பு, இங்கே முடியாத காத்திருப்பு

ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த இந்திய - சீன நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபர் இறுதியில் மீண்டும் தொடங்கியது. வணிகர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் இது நல்ல செய்தி. மருத்துவம் படிக்க மாணவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைக்கும் முகவர்களுக்கு அதைவிட நல்ல செய்தி. பெருந்தொற்றுக்கு முன்பு 23,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் சீனாவில் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். பின்னர் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. இப்போது கதவு மறுபடியும் திறக்கிறது. சேர்க்கை, கட்டணம், விடுதி, இந்திய உணவு ஆகியவை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பட்டத்தோடு வந்து இறங்கும் மாணவருக்கு அதன் பிறகு என்ன நேர்கிறது என்பதைப் பற்றித்தான் பேச்சில்லை.

பழவேற்காட்டிலிருந்து ஒரு கணக்கு

இந்தக் கேள்வியைச் சென்னையின் வசதியான குடியிருப்பு ஒன்றிலிருந்து கேட்பது வேறு. பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று கேட்பது வேறு. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோர மூலையில் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்பகுதி தமிழகத்தில் உள்ளது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் பரப்பிலும் கரையோரங்களிலும் கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என மீனவ ஊர்கள் நிற்கின்றன.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு என்னும் பிரச்சினையின் இரண்டு முனைகளும் இத்தகைய ஊர்களில்தான் சந்திக்கின்றன. மாதச் சம்பளம் என்ற ஒன்றையே அறியாத குடும்பம், பிள்ளையின் ஆறாண்டுப் படிப்புக்குப் பணம் புரட்ட வேண்டியிருப்பது ஒரு முனை. காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என எதுவானாலும் மருத்துவரைத் தேடி நீரையும் சாலையையும் கடக்க வேண்டிய நோயாளிகள் மறுமுனை. முதல் முனையில் கடன் வாங்கிப் படித்தவர், இரண்டாம் முனையில் மருத்துவராகப் பணியாற்ற முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய முரண்.

ஏரியில் மீன்பிடிப்பு 'பாடு' என்னும் முறைப்படி நடக்கிறது. ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் வலைபோடும் உரிமை, ஊர் உறுப்பினர்களுக்குள் முறைவைத்தோ சீட்டுப்போட்டோ பகிர்ந்துகொள்ளப்படுகிறது. யாருக்கும் ஒரேயடியாகக் கொள்ளை இல்லை, யாருக்கும் முழுப் பட்டினியும் இல்லை என்பது அதன் அறம். ஆனால், முறை வராத நாளில் வருமானமில்லை. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறாலும் மீனும் ஏரிக்குள் வருவது குறையும். தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்த பிறகு பிடிபாடு குறைந்துவிட்டது என்று மீனவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று அரசு உயர்த்தி அறிவித்தபோது அது பெரிய தொகையாகப் பேசப்பட்டது. இந்த அளவில் பணம் புழங்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போவது என்றால் என்ன பொருள்?

வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரைதான் பிணையில்லாமல் கிடைக்கும், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். கடலோரக் குடியிருப்புகள் பலவற்றில் மனைப்பட்டாவே தீராத வழக்கு. ஆகவே, வங்கிக்கு வெளியேதான் பணம் திரட்ட வேண்டும். நகை, உறவினர் உதவி, மீன் வியாபாரியிடம் முன்பணம், வட்டிக்குக் கடன் என்று அது அமையும். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே, அவர் சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்பதால், பிள்ளையின் படிப்புச் செலவு தகப்பனின் வலையில் விழும் ஒவ்வொரு மீனின் விலையிலும் கழிந்துகொண்டிருக்கும். இந்த வட்டி, பட்டம் கிடைத்த நாளில் நிற்பதில்லை. மருத்துவராகச் சம்பாதிக்கத் தொடங்கும் நாள் வரை ஓடுகிறது. எனவே, படிப்புக்குப் பிந்தைய ஒவ்வொரு மாதக் காத்திருப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. டெல்லியில் விதி எழுதுபவர்களின் கணக்கில் இந்த விலை வருவதே இல்லை.

ஏன் சீனாவுக்குப் போக வேண்டும், இங்கேயே படிக்கக் கூடாதா என்று கேட்கலாம். கேட்பது எளிது. 2017 முதல் தமிழகத்தின் மருத்துவச் சேர்க்கை நீட் மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கிறது. 2020-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அதில் இடம்பெறுவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஏழைக் குடும்பங்களுக்காக இம்மாநிலம் அண்மைக் காலத்தில் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. ஆனால், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பெற்றோர் வாயைக்கட்டி வயிற்றைக்கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்கோ, அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கோ அந்த வாசல் இல்லை. அப்பிள்ளை நீட் தேர்வில் தகுதி பெற்று, ஆனால் அரசு இடத்துக்குப் போதிய மதிப்பெண் பெறாமல் நின்றால், உள்ளூர்த் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் காட்டி முகவர் வருவார். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தகுதி கட்டாயமாகிவிட்டது. ஆனால், தகுதி பெற்றால் போதும், தரவரிசை தேவையில்லை.

வகுப்பறை ஆங்கிலம், நோயாளியின் சீனம்

சீனாவில் வெளிநாட்டினருக்கான எம்பிபிஎஸ் படிப்பு பொதுவாக ஆறு ஆண்டுகள். ஐந்து ஆண்டு பாடமும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் கற்பிக்க 45 பல்கலைக்கழகங்களுக்குச் சீன அரசு ஒப்புதல் அளித்திருந்தது. கட்டிடங்களையும் ஆய்வகங்களையும் பொறுத்தவரை அவற்றில் பல நம் ஊர்க் கல்லூரிகளுக்குக் குறைந்தவை அல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், படுக்கையில் கிடக்கும் நோயாளி ஆங்கிலத்தில் வலியைச் சொல்வதில்லை.

மருத்துவக் கல்வியின் உயிர்நாடி நோயாளியிடம் கேட்டறிவதுதான். எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, இதற்கு முன்பு வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டுக் கேட்டு நோயை நெருங்குவதை நூலில் படித்துக் கற்க முடியாது. கேட்பதற்கு மொழி வேண்டும். அதனால்தான் எச்எஸ்கே எனப்படும் சீன மொழித்தேர்வின் நான்காம் நிலையைத் தாண்டாமல் பட்டம் இல்லை என்று சீனத் தரப்பு வலியுறுத்தியது. 2022 செப்டம்பரில் பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் வெளியிட்ட அறிவுரையிலும் இது தெளிவாகச் சொல்லப்பட்டது. முகவர்களின் வண்ணத் துண்டறிக்கைகளில் 'முழுக்க ஆங்கிலவழி' என்பது மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

பழவேற்காட்டு நோயாளி ஒருவரை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். ஏரிச் சேற்றில் மணிக்கணக்கில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணின் கைகளில் என்ன மாதிரியான வெட்டுக் காயங்கள் இருக்கும், அவை ஏன் ஆறுவதில்லை, அவர் ஏன் மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்கு வருவார் என்பதை அறியாத மருத்துவர், எந்த நாட்டுப் பட்டம் பெற்றிருந்தாலும் பாதி மருத்துவர்தான். சீனாவில் படித்து வந்தவருக்கு அறிவு இல்லை என்பதல்ல இதன் பொருள். அவருக்குக் கைப்பயிற்சியின் இரண்டாம் பாதி நம் மண்ணில் தேவைப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த விதிகளின் நோக்கம் எவ்வளவு சரி, நடைமுறை எவ்வளவு பிழை என்பது விளங்கும்.

கைப்பையோடு திரும்பியவர்கள்

2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் கைப்பையோடு வந்தார்கள். புத்தகங்களும் சான்றிதழ்களும் விடுதி அறைகளிலேயே இருந்தன. வூஹானில் சிக்கியவர்களை ஏர் இந்தியா விமானங்கள் பிப்ரவரி 1, 2 தேதிகளில் அழைத்துவந்தன. சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2020 நவம்பரில் இந்தியர்களின் நுழைவை நிறுத்திவைத்த சீனா, மாணவர் விசாக்களை மீண்டும் வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான்.

இடைப்பட்ட காலத்தில் வகுப்புகள் இணையத்தில் நடந்தன. சீன நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. அங்கே காலை எட்டு மணி வகுப்பு என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. மீனவ ஊரில் அது படகு கரைதொடும் நேரம்; வீட்டிலும் தெருவிலும் ஏலச் சத்தம் கேட்கும் நேரம். கைபேசித் திரையில் அறுவைச் சிகிச்சையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. இறுதியாண்டில் இருந்தவர்கள் மருத்துவமனைப் பயிற்சி இல்லாமலேயே பட்டம் பெற்றார்கள். படித்து முடித்தார்களா இல்லையா என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் விடையில்லை. பட்டம் தந்த பல்கலைக்கழகம் முடித்துவிட்டதாகச் சொன்னது. பதிவு தர வேண்டிய மருத்துவக் கவுன்சில் இல்லை என்றது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மாணவர் தரப்புக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை எதிர்த்துத் தேசிய மருத்துவ ஆணையம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 ஏப்ரல் 29 அன்று நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, வி.ராமசுப்பிரமணியன் அமர்வு அளித்த தீர்ப்பு நிதானமானது. செய்முறைப் பயிற்சி இல்லாத ஒருவரை மக்களின் உயிரைக் காக்கும் பணியில் அமர்த்துமாறு ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். அதே சமயம், பெற்றோரின் பணமும் மாணவர்களின் ஆண்டுகளும் வீணாகிவிடக் கூடாது, நாட்டின் மருத்துவக் கட்டமைப்பை வலுப்படுத்த இவர்களின் சேவையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கருதி, இரண்டு மாதங்களுக்குள் ஒரு திட்டம் வகுக்குமாறு பணித்தது.

ஆணையம் 2022 ஜூலை 28 அன்று திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூன் 30-க்குள் பட்டம் பெற்ற இறுதியாண்டு மாணவர்கள் தகுதித்தேர்வு எழுதலாம். வென்ற பிறகு ஓராண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டுகள் கட்டாய சுழற்சிமுறை மருத்துவப் பயிற்சி பெற வேண்டும் என்றது அது. ஹவுஸ் சர்ஜன் என்று ஊரார் சொல்லும் அதே பயிற்சிதான். பிறகு இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டையும் இணையத்தில் படித்தவர்களுக்கு அது மூன்று ஆண்டுகளாக நீண்டது. நேரில் சென்று விடுபட்ட வகுப்புகளை ஈடுசெய்தால் ஏற்கப்படுமா, பல்கலைக்கழகம் தரும் ஈடுசெய்ததற்கான சான்று செல்லுமா என்பதில் 2024 வரை அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு வந்தது. ஓர் அறிவிப்பைப் படித்து முடிவெடுத்தவரை அடுத்த அறிவிப்பு வேறிடத்தில் நிறுத்தியது.

இரண்டாண்டுப் பயிற்சி அநீதி என்று நான் சொல்லமாட்டேன். நோயாளியைத் தொடாமல் மருத்துவராக முடியாது. என் குறை வேறு. நீதிமன்றத்தின் தீர்ப்பில் இரண்டு பாதிகள் இருந்தன. பயிற்சி வேண்டும் என்பது முதல் பாதி. இவர்களைக் கொண்டு மருத்துவக் கட்டமைப்பை வலுப்படுத்துங்கள் என்பது இரண்டாம் பாதி. ஆணையம் முதல் பாதியை விதிகளாக எழுதியது. இரண்டாம் பாதியை யாரும் தொடவில்லை.

தேர்வு என்னும் சல்லடை

இந்தியாவில் பதிவுபெற விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு 2002 முதல் தகுதித்தேர்வு நடத்தப்படுகிறது. 300 கேள்விகள், தேர்ச்சிக்கு 150. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மேலே சொன்ன தூதரக அறிவுரை ஒரு கணக்கையும் தந்தது: 2015 முதல் 2021 வரை தேர்வெழுதிய 40,417 பேரில் தேறியவர்கள் 6,387 பேர். நூற்றுக்குப் பதினாறு. பலமுறை எழுதுவோரும் இத்தகைய கணக்குகளில் சேர்ந்துவிடுவார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது அச்சமூட்டும் எண்தான்.

இதைக் காட்டி, சீனாவில் படித்தவர்கள் அனைவரும் தகுதியற்றவர்கள் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. முதலாவதாக, நம் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தத் தேர்வை எழுதுவதில்லை. எழுதினால் அவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதற்கு அளவுகோலே இல்லை. இருதரப்புக்கும் பொதுவாக வரவிருந்த 'நெக்ஸ்ட்' தேர்வு 2023-ல் தள்ளிவைக்கப்பட்டது. அதைத் தள்ளிவைக்கக் கோரிய குரல்கள் இந்தியக் கல்லூரிகளிலிருந்தும் எழுந்தன என்பதை நினைவில் கொள்ளலாம். இரண்டாவதாக, பள்ளி முடித்தபோதே போட்டியில் பின்தங்கியவர்களைத்தான் வெளிநாட்டுப் படிப்பு பெரும்பாலும் ஈர்க்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து அனைத்துப் பாடங்களையும் ஒரே நாளில் கேட்கும் தேர்வில் அவர்கள் திணறுவதில் வியப்பில்லை. சல்லடை இருக்க வேண்டியதுதான். சல்லடையில் தங்கிவிட்ட ஆறில் ஐந்து பேரைப் பற்றி அரசுக்கு ஒரு சிந்தனையும் இல்லை என்பதுதான் கேள்வி.

அந்த ஐந்து பேரின் வாழ்க்கை விசித்திரமானது. ஊரில் அவரை 'டாக்டர்' என்றே அழைப்பார்கள். திருவிழா அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவரிடம்தான் ஓடிவருவார்கள். ஆனால், பதிவு எண் இல்லாமல் ஒரு மருந்துச்சீட்டு எழுதினாலும் அது சட்டப்படி குற்றம். அவர் சென்னையில் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்து, வாடகை அறையில் தங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வெழுதுவார். மீன்பிடித் தொழிலுக்கு அவர் திரும்ப முடியாது; வேறு வேலைக்கு அவரது பட்டம் உதவாது. பெண் என்றால் திருமணப் பேச்சும் சேர்ந்து நெருக்கும். கடன் கொடுத்தவர் மட்டும் பட்டத்தைப் பார்த்ததும் தவணையைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

தேர்வில் வென்றவருக்கும் பாதை நேராக இல்லை. பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று, தூதரக ஒப்பம், மாநில மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு என்று ஒவ்வொரு படியிலும் வாரங்கள் கரையும். பிறகு பயிற்சி இடம் வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் 7.5% வரை ஒதுக்கலாம் என்று 2022 மார்ச்சில் ஆணையம் சொன்னது. (அரசுப் பள்ளி மாணவர்களின் ஒதுக்கீடும் இதே எண்தான் என்பது தற்செயல்.) 100 இடங்கள் கொண்ட கல்லூரியில் இது ஏழு பேர். பல மாநிலங்களில் தேர்வில் வென்ற பிறகும் இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்; நெரிசலைச் சமாளிக்கப் பின்னர் விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, உள்ளூர் மாணவர்களுக்கு நிகரான உதவித்தொகை தர வேண்டும் என்றும் ஆணையம் சொல்லியிருக்கிறது. அது எல்லா இடங்களிலும் நடக்கிறதா என்று கண்காணிக்க யாருமில்லை.

குப்பத்துக்கு வராத இரண்டாம் ஆண்டு

நீதிமன்றம் சொன்ன இரண்டாம் பாதிக்கு வருவோம். 2021-ல் வந்த பயிற்சி விதிகளின்படி, ஓராண்டுப் பயிற்சியில் பன்னிரண்டு வாரங்கள் சமூக மருத்துவத்துக்கு உரியவை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசனையைப் பயிற்சி மருத்துவர்கள் நுகர்வது அப்போதுதான். சீனாவிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும் என்று விதித்தோம். அந்தக் கூடுதல் ஆண்டையும் நகர மருத்துவமனையின் நெரிசலிலேயே கழிக்க வைப்பதில் யாருக்கு என்ன பயன்? அங்கே ஏற்கெனவே பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் நிறைந்திருக்கிறார்கள். ஊசி போடவும் காகிதங்களைச் சுமக்கவும் இன்னும் சில கைகள் கூடும்; அவ்வளவுதான்.

முதலாண்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கூடுதல் ஆண்டை மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் வட்ட மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அமைத்திருக்கலாம். பொன்னேரி அரசு மருத்துவமனையை மையமாகக் கொண்டு, வாரத்தில் சில நாட்கள் பழவேற்காடு சுற்றுவட்டாரக் குப்பங்களுக்குச் செல்லும் முறை ஒன்று போதும். பசியாவரம் போன்ற ஏரித்தீவுகளுக்கு நீண்ட காலம் படகு ஒன்றே வழியாக இருந்தது. அத்தகைய ஊர்களில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் யாரும் அளந்து பார்க்காமலேயே முற்றுகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடுகளுக்கே மருந்தைக் கொண்டுசேர்க்கிறது. அதனோடு மேற்பார்வையுடன் கூடிய ஓர் இளம் மருத்துவரும் போய்ச் சேர்ந்தால், மருந்து மாற்றவும் ஆபத்தை முன்கூட்டிக் காணவும் முடியும். அந்த மருத்துவரும் தமிழில் கேட்டறியக் கற்றுக்கொள்வார். வகுப்பறை ஆங்கிலத்துக்கும் நோயாளியின் சீனத்துக்கும் நடுவே விடுபட்டது அதுதானே.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களை ஏழைகளிடம் அனுப்பி, அவர்களைச் சோதனைப் பொருளாக்கலாமா என்பது அது. மதிக்க வேண்டிய வாதம். ஆனால், இவர்கள் தகுதித்தேர்வில் வென்று, ஓராண்டு பயிற்சியும் முடித்தவர்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. இந்தியக் கல்லூரியில் படித்த ஒருவர் அதே ஓராண்டு முடித்ததும் தனியாக மருத்துவமனையே நடத்தலாம் என்கிறது சட்டம். மேற்பார்வையோடு பணியாற்றும் ஒருவரைப் பற்றி மட்டும் அச்சப்படுவது பொருந்தவில்லை. மேற்பார்வை காகிதத்தில் மட்டும் இருந்துவிடக் கூடாது என்பது வேறு விஷயம்; அந்த எச்சரிக்கை தேவையானதுதான்.

கல்விக்கடனுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தவணை தொடங்க வேண்டும் என்பது பொது விதி. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரியைப் பொறுத்தவரை படிப்பின் முடிவு என்பது பட்டமளிப்பு நாளல்ல, நிரந்தரப் பதிவு கிடைக்கும் நாள்தான் என்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப அதிகச் செலவு ஆகாது. வெளியார் கடனில் படித்தவருக்கு இது உதவாது என்பது உண்மை. அவருக்கு உதவக்கூடியது பயிற்சிக்கால உதவித்தொகை ஒன்றுதான்; அது தடையின்றிக் கிடைத்தால் வட்டியாவது கட்ட முடியும்.

இனிப் போகிறவர்களுக்கு வேறொரு கதவு மூடப்பட்டிருக்கிறது; அதை முகவர்கள் சொல்வதில்லை. 2021 நவம்பர் 18 அன்று வெளியான விதிமுறைகளின்படி, அதற்குப் பிறகு வெளிநாட்டில் சேர்ந்தவர்கள் குறைந்தது 54 மாதங்கள் படித்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் அந்நாட்டிலேயே ஓராண்டு பயிற்சி பெற வேண்டும். திரும்பி வந்து இங்கே இன்னோர் ஆண்டு பயிற்சி பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படித்த நாட்டில் மருத்துவராகப் பணியாற்றும் தகுதியையும் பெற்றிருக்க வேண்டும். சீனாவைப் பொறுத்தவரை, அந்நாட்டு மொழியில் ஆழ்ந்த தேர்ச்சி இல்லாமல் அந்தத் தகுதியை எட்டுவது மிகக் கடினம். அதை எட்டாதவர் இந்தியத் தகுதித்தேர்வையே எழுத முடியாது என்று தூதரகம் எச்சரித்திருக்கிறது. முன்பு தேர்வில் தோற்றவருக்கு மறுமுறை எழுதும் வாய்ப்பாவது இருந்தது. இனித் தேர்வுக்கூட வாசலிலேயே பலர் நிறுத்தப்படலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் உயர்கல்வி வழிகாட்டல் முகாம்கள் நடக்கும் பருவத்தில், கடலோர ஒன்றியங்களில் இந்த ஒரு பக்க விவரத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் சில குடும்பங்களின் நகைகளாவது தப்பும்.

புதிய விதிகளின்கீழ் 2022-ல் சீனா சென்றவர்கள் 2028-ஐ ஒட்டித் திரும்பத் தொடங்குவார்கள். அதற்குள் இங்கே இன்னொரு மாற்றமும் நடந்திருக்கும். திருவள்ளூர் உள்படத் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தொடங்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். அவற்றில் சேர்ந்த முதல் அணியினர் நாலரை ஆண்டுப் பாடத்தை முடித்துப் பயிற்சி மருத்துவர்களாகும் காலம் நெருங்கிவிட்டது. சொந்த மாணவர்கள் இல்லாததால் இதுவரை இடமிருந்த வார்டுகள் அப்போது நிரம்பிவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வெளியே எங்கே, யாருடைய மேற்பார்வையில் பயிற்றுவிப்பது என்பதை மாநில அரசும் மருத்துவக் கவுன்சிலும் ஆணையமும் அதற்கு முன்னரே முடிவு செய்தாக வேண்டும். பொன்னேரி மருத்துவமனையும் ஏரியைச் சுற்றிய சுகாதார நிலையங்களும் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெறத் தக்கவை.